அம்பாசிடரில் ஏற மறுத்த அப்பா

எங்கள் அப்பா அவர்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரோடு இதே மலை ரோட்டில் வண்டி ஓட்டிய நண்பர்களுக்கும், மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல், சித்திரபுரம் தேயிலை எஸ்டேட் லயத்துக் குடியிருப்பு மக்களுக்கும், கொழிஞ்சாம்பாறையிலிருந்து விடியலில் கிளம்பி மலையேறி வந்திருக்கும் பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி எழுத வேண்டியவன் என் தம்பி. கடைசிவரை கூட இருந்தவன் அவன்தான். ஆனால் பேனாவை எடுத்தாலே அழுகை வருகிறது என்று என்னிடம் தள்ளிவிட்டான். "நீதானக்கா வீட்டுல வாயாடி, நீயே எழுது" என்றான். வாயாடிதான், மறுக்கவில்லை. எழுதுகிறேன்.

பிறந்தார், வளர்ந்தார், மணந்தார் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் தொடங்கினாலும் இரண்டு பழைய வண்டிகள் குறுக்கே வந்து நிற்கின்றன. ஒன்று ஜீப், மற்றது அம்பாசிடர். இரண்டுமே பிறர் ஓட்டித் தேய்த்த பிறகு அப்பாவின் கைக்கு வந்தவை. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு அப்பாவை எழுத எனக்குத் தெரியவில்லை. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தோட்டத்து நடுவே இருந்த வீட்டில். நெல்லும் நிலக்கடலையும் போட்ட குடும்பம். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தவர். அண்ணனான எங்கள் பெரியப்பாதான் அவரை வளர்த்து ஆளாக்கினார். படிப்பு ஏறவில்லை, டிராக்டர் ஏறியது. வரப்பு இடியாமல் உழுது, அதே கையோடு லைசென்ஸும் எடுத்து, சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்றில் பள்ளிவாசலுக்கு வந்தவர், இறக்கிவிட்டுத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார். "ஏன்ப்பா தங்குனீங்க?" என்று நான் சின்ன வயதில் கேட்டதற்கு, "கீழ போனா வேர்க்குது அம்மிணி" என்றார். அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் தங்கினார் என்பது லயம் முழுக்கத் தெரிந்த கதை.

எஸ்டேட்டில் அப்பாவுக்கு டிரைவர் வேலை கிடைத்தது. அப்போது அங்கே இருந்தது ஒரே ஒரு ஜீப். மேலாளர் போவதும் அதில்தான், உரமூட்டை போவதும் அதில்தான், காய்ச்சல்காரர்களும் பிரசவ வலி எடுத்தவர்களும் மலையிறங்குவதும் அதில்தான். யாராவது செத்துப்போனால் ஆசுபத்திரியிலிருந்து உடலைக் கொண்டு வருவதும் அதே ஜீப்தான்.

அம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிய குடும்பத்துப் பெண். அவர்களுடைய முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். அப்பா, அம்மா கல்யாணத்தன்று காலையில் மரம் விழுந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். மாப்பிள்ளை என்று பார்த்தால் முடியுமா? வேறு டிரைவர் இல்லை. அப்பாவே போய் அந்த உடலை ஜீப்பில் ஏற்றி அவருடைய லயத்தில் இறக்கினார். பிறகு ஓடையில் நிறுத்தி வண்டியைக் கழுவி, தானும் தலை முழுகி, முன்பக்கம் செவ்வந்தி மாலையைக் கட்டிக்கொண்டு மணப்பெண்ணை அழைக்கப் போனார். அம்மா ஏறி உட்காரும்போது சீட்டு ஈரமாக இருந்ததாம். கல்யாணப் புடவையில் அந்த ஈரத்தோடுதான் கோயிலில் போய் நின்றார்களாம்.

அவர்களுக்கு முதலில் பிறந்தது ஓர் ஆண் குழந்தை. எனக்கு அண்ணன். பேர் வைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் துக்கம் விசாரித்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா போயிருக்கலாம். பிணம் ஏறின வண்டியில் பெண்ணை அழைத்து வந்தால் வேறு என்ன ஆகும் என்று ஒருத்தி சொன்னாள். அவள் பேரை எழுத மாட்டேன். அவளும் இப்போது இல்லை. ஆனால் அந்த வார்த்தையை அப்பா பிடித்துக்கொண்டார். சாகும்வரை விடவில்லை.

அந்த வருடமே அப்பா கொழிஞ்சாம்பாறைக்குப் போனார். பெரியப்பாவிடம் ஒரு அம்பாசிடர் இருந்தது. அவரும் பக்கத்துச் சித்தூரில் யாரிடமோ பழைய வண்டியாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்ததுதான். பால் நிறம். அப்பா தன் பங்கு நிலத்தை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் காரைக் கேட்டார். பெரியப்பா திகைத்துப்போய்விட்டார்.

"என்றா தம்பி, மண்ணக் குடுத்துப்போட்டு தகரத்த வாங்கிட்டுப் போறங்கற? உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?"

"இருக்கட்டுமுங்ணா. மண்ணு இங்கயேதான் கெடக்கும். இது எங்கூட மலையேறுமுங்" என்றாராம் அப்பா.

பெரியப்பா இதை இப்போதும் சொல்லிச் சொல்லி அழுகிறார். நிலத்தைக் கேட்டு வாங்கவில்லை அவர். அப்பாவே வலியக் கொடுத்தார். இந்த இடத்தில் அதையும் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் பங்காளிகளில் சிலர் வேறு மாதிரி பேசுகிறார்கள்.

அம்பாசிடர் மலையேறி வந்த பிறகு பிறந்தவள் நான். ஆசுபத்திரியிலிருந்து அம்மா மடியில் வந்த முதல் பயணமே அதன் பின்சீட்டில். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதோ, கத்திக்கொண்டு இருக்கிறேன். அடுத்துத் தம்பி பிறந்தான், அவனும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். அப்பாவுக்கு அது போதுமே! தான் போட்ட சட்டம் சரி என்று மனதில் உறுதியாகிவிட்டது. சில வருடம் கழித்து எஸ்டேட் அந்தப் பழைய ஜீப்பைக் கழித்துவிட்டபோது அதையும் அவரே வாங்கினார். அப்புறம் வீட்டில் சட்டம் இப்படி: நோய், சாவு, விபத்து என்றால் ஜீப். பெண் அழைப்பு, பிறந்த குழந்தை வீடு வருவது, கோயில் என்றால் அம்பாசிடர். பிரசவத்துக்குப் போகும்போது ஜீப். பிள்ளையோடு திரும்பும்போது அம்பாசிடர். அம்பாசிடரின் சாவி சாமி படத்துக்குக் கீழே இருக்கும். ஜீப்பின் சாவி பின்கதவு ஆணியில் தொங்கும். இரண்டையும் சேர்த்து வைக்க விடமாட்டார்.

லயத்துப் பெண்களில் எத்தனை பேர் அந்தக் காரில் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பல அக்காமார்களுக்குத் தெரியும். பெட்ரோலுக்குக்கூடப் பணம் வாங்க மாட்டார். "பொண்ணு கார்ல போகோணும்" என்பார், அவ்வளவுதான்.

இரண்டில் எது நல்ல வண்டி என்று உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. கல்யாணத்துக்கு முன்பு அப்பா பக்கத்தில் உட்கார நான் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன், அதனால் சொல்ல உரிமை உண்டு. ஜீப் வயதில் மூத்தது. மேலே தார்ப்பாய், மழை வெளியே பாதி பெய்தால் உள்ளே பாதி பெய்யும். பட்டை ஸ்பிரிங் இரும்பாகவே இருக்கும். ஒரு குழியில் இறங்கினால் முதுகெலும்பை எண்ணிக்கொள்ளலாம். பிரேக்கை இரண்டு முறை மிதிக்க வேண்டும். "மொத மிதி கேள்வி, ரெண்டாவது மிதிதான் பதிலு" என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஏறாத மேடு கிடையாது. சேறு, பாறை, ஓடை எதுவானாலும் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் குட்டிக் கம்பியைத் தள்ளிவிட்டால் முனகிக்கொண்டே ஏறிவிடும். இடையில் நின்று நம்மை நாறடித்ததாக எனக்கு நினைவே இல்லை.

அம்பாசிடர் இளையது, ஆனால் சொகுசுக்காரி. கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும். பின்சீட்டில் தாராளமாக நாலு பேர், நெருங்கினால் ஐந்து பேர். அதில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். மலையேறும்போதுதான் அதன் குணம் தெரியும். வெயில் நேரத்தில் நேரியமங்கலம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பெட்ரோல் பம்ப் சூடேறி மூச்சடைத்து நின்றுவிடும். பானெட்டைத் தூக்கி, பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, கொஞ்ச நேரம் அதன் கோபம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஈரத்துணிக்கு அம்மாவின் பழைய சேலைதான் கிழியும். "என் சேலையெல்லாம் உங்க மகராசிக்குத்தான் உடுத்தி விடுதீக" என்று அம்மா முறைப்பார்கள். இடதுபக்கப் பின்கதவு இன்னொரு தொல்லை. கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து, கதவை உள்ளே ஓர் அழுத்து அழுத்தி, அப்புறம் இழுக்க வேண்டும். தெரியாதவர்கள் இழுத்தால் அசையாது. ஒர்க்ஷாப்பில் சரி பண்ணித் தருகிறோம் என்று எத்தனையோ முறை சொன்னார்கள். அப்பா விடவில்லை. "அதச் செரி பண்ணிப்போட்டா பொண்ணுக்குக் கதவு தொறந்து உட நான் எதுக்கு?" என்பார். மணப்பெண்ணுக்கு அந்தக் கதவைத் தன் கையால் திறந்துவிட்டு, சேலைத் தலைப்பு மாட்டாமல் பார்த்து மூடுவது அவருக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

இப்போது சொல்லுங்கள். முதுகு ஒடிக்கிற வண்டியில் நோயாளியை ஏற்றுவதும், மெத்தை வண்டியில் நல்லாயிருப்பவர்களை உட்கார வைப்பதும் என்ன நியாயம்? நான் இதை அப்பாவிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் அம்மா வழுக்கி விழுந்து கை ஒடிந்தபோதும் ஜீப்தான். தார்ப்பாய் ஒழுகி, ஒடிந்த கையின் மேல் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழ, அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். நான் வழியெல்லாம் கத்தினேன். அப்பா பதிலே சொல்லவில்லை. ஓட்டிக்கொண்டே ஒரு கையால் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வாதத்துக்கு வருகிறவரிடம் ஜெயிக்கலாம், அப்படி இருப்பவரிடம் என்ன செய்வது?

வயதான பிறகு ஜீப்பைத் தம்பி எடுத்துக்கொண்டான். மூணாறுக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் போய் வருவான். அம்பாசிடரை மட்டும் அப்பா யார் கையிலும் கொடுக்கவில்லை. என்னைக் கொழிஞ்சாம்பாறைக்கே கல்யாணம் செய்து கொடுத்ததால் நான் அங்கே இருந்தேன். அப்பா பிறந்த மண்ணில் நான், நான் பிறந்த மலையில் அப்பா.

அந்த நாளுக்கு வருகிறேன். எழுதாமல் விட முடியாது.

மறுநாள் கௌசல்யாவுக்குக் கல்யாணம். கௌசல்யா பள்ளிவாசலில் கொழுந்து கிள்ளும் பேச்சியம்மாளின் மகள். அந்தப் பெண்ணின் தகப்பனார் பல வருடம் முன்பு தவறியபோது அவரை ஜீப்பில் வீடு சேர்த்தது அப்பாதான். அந்தப் பெண் கல்யாணத்துக்கு அம்பாசிடர் வரும் என்று அப்பா அன்றைக்கே வாக்குக் கொடுத்திருந்தாராம். காலையிலிருந்து காரைக் கழுவித் துடைத்து, பின்சீட்டுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார். அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி ஜீப்போடு மலைமேல் இருந்தான். அங்கே போன் கிடைக்காது. தொடர் விடுமுறை வேறு. ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ இல்லை, எல்லாம் சுற்றுலாக்காரர்களோடு போய்விட்டது. ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள், அது கீழே இருந்து வர வேண்டும், ரோடெல்லாம் வண்டி நெரிசல். பக்கத்து வீட்டுக் குமார் லாரி ஓட்டுகிறவர். ஓடி வந்து, "சாவியக் குடுங்க மாமா, நான் அம்பாசிடர எடுக்கேன்" என்றார். சாவி அப்பாவின் கையில் இருந்தது. விரலை மூடிக்கொண்டார்.

"வேண்டாங் குமாரு. நாளைக்குப் பொண்ணு ஏறோணும். வயித்துல கேஸுதான், செரியாப் போயிரும். தம்பி வந்துருவான்."

அம்மா அழுதுகொண்டே விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த மனிதருக்கு அந்தக் கையில் மட்டும் அவ்வளவு பலம். கடைசியில் எனக்குப் போன் போட்டார்கள். "ஏட்டி, நீ சொல்லுட்டி, நீ சொன்னா கேப்பாரு" என்று போனை அப்பா காதில் வைத்தார்கள்.

நான் கெஞ்சினேன். திட்டினேன். "அப்பா, உங்க கால்ல விழறேன், கார்ல ஏறுங்க" என்றேன்.

"ஒண்ணுமில்ல அம்மிணி. ஜீப்பு வந்துரும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு, "உங்கூட்டுக் காருக்கு ஆயில் மாத்தியாச்சா?" என்று கேட்டார்.

அதுதான் என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு. மாத்தியாச்சுப்பா என்றேன். மாற்றியிருக்கவில்லை.

வழியில் யாரோ சொல்லி, தம்பி பயணிகளை அங்கேயே இறக்கிவிட்டு ஜீப்பைப் பறக்கவிட்டு வந்தான். அப்பா தானாகவே எழுந்து நடந்துபோய் ஜீப்பில் ஏறினார். பின்னால் அம்மா மடியில் தலை. ஒவ்வொரு குழிக்கும் முனகினாராம். ஆசுபத்திரி வாசலுக்குப் போகும்போது முனகல் நின்றுவிட்டது. நாடி பார்த்த டாக்டர் மலையாளத்தில், "குறச்சு நேரத்தே எத்திச்சிருந்நெங்கில்" என்று தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் முன்னாலேயே கொண்டு வந்திருந்தால் என்கிறார். மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியதே இல்லை. நர்சு ஒருவர் அப்பாவின் விரல்களை மெல்லப் பிரித்து, அம்பாசிடர் சாவியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார்.

எனக்கு அப்பா மேல் கோபம். ஒரு வருடம் ஆகியும் கோபம்தான். அழும்போதும் கோபத்தோடுதான் அழுகிறேன். கொட்டகையில் பெட்ரோலோடு, வெள்ளை உறை போட்ட மெத்தை சீட்டோடு கார் நிற்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜீப்புக்காகக் காத்திருந்திருக்கிறார் என் அப்பா. இதை நான் எங்கே போய்ச் சொல்வது?

நானும் பெரியப்பாவும் உடுமலை, மறையூர் வழியாக வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. எங்களுக்காக வைத்திருந்து, இருட்டும் முன்பே எடுத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து பெண்கள் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பேச்சியம்மாள் வந்தார். அழுது ஓய்ந்த பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மதினி, கல்யாணத்துக்கு நாங்க வேற வண்டி பாத்துக்கிடுதோம். நீங்க அத நெனச்சு வெசனப்படாதீக."

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார்கள்.

"வேற வண்டி எதுக்கு? நாளைக்கு அந்தக் காரு போவும்."

"எளவு வீட்டு வண்டில எப்பிடி..." என்று பக்கத்தில் இருந்த ஒருவர் இழுத்தார். நானும் அம்மாவின் தோளைத் தொட்டு, வேண்டாம்மா, ஊர் ஏதாவது சொல்லும் என்றேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்கள்.

"இந்த ஊரு சொன்ன ஒரு சொல்லுலதான் எம் புருசன் போயிட்டாரு. எம் புள்ள காய்ச்சல்ல போச்சு. ஜீப்பு என்ன பண்ணுச்சு? ஈரச் சீட்டுல உக்காந்ததுக்காடி புள்ள சாவும்? எனக்கு அன்னைக்கே தெரியும். அதப் புடிச்சுக்கிட்டாவது அவரு எந்திரிச்சு நடக்காரேன்னு நான் ஒரு நாளும் வாய் தொறந்து சொல்லல." பிறகு பேச்சியம்மாளைப் பார்த்து, "உம் மக ஏறணும்னுதான் அவரு சாவியக் கையில இறுக்கிக்கிட்டுக் கெடந்தாரு. இப்ப அது கொட்டாய்லயே கெடந்தா, அவரு கெடந்தது எதுக்கு பேச்சி?" என்றார்கள்.

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். என்னதான் சொன்னாலும் பெண்ணைப் பெற்றவர். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு வண்டி பார்த்துவிடுவார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் காலையில் ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் சிலர்தான். வெளியே பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். கௌசல்யா நின்றுகொண்டிருந்தாள். கூறைப்புடவை, தலை நிறையப் பூ, மணிக்கட்டில் மஞ்சள் காப்புக்கயிறு. சேறாகிவிடும் என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு லயத்திலிருந்து ஏறி வந்திருக்கிறாள். பின்னால் பேச்சியம்மாளும், சொந்தக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேரும். கல்யாணப் பெண் சாவு வீட்டு வாசலில்!

"குமார் அண்ண, வண்டிய எடுங்க" என்றாள்.

அப்பா படத்துக்கு முன்னால் இருந்த சாவியை அம்மாவே எடுத்து என்னிடம் தந்தார்கள். குமார் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டு வந்தார். கௌசல்யா பின்கதவை இழுத்தாள். வரவில்லை. குமார் இறங்கி வந்து இழுத்தார். அதுவும் வரவில்லை. அந்தப் பக்கமாகச் சுற்றி ஏறிக்கொள்ளம்மா என்றார். அவள் அசையவில்லை.

"அத்தை" என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "கதவு தொறக்க மாட்டேங்குது. வந்து தொறந்து விடுங்க."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா பின்வாங்கினார்கள். "நான் வரப்புடாதுத்தா. நல்ல காரியத்துக்குப் போற. எம் மக வந்து தொறப்பா."

"எங்கப்பாவ வீடு சேத்தது மாமா. எனக்கு இந்தக் கதவத் தொறந்து விடுவேன்னு சின்னப் புள்ளேலருந்து சொல்லிக்கிட்டு இருந்தாரு. அவரு இல்லேன்னா நீங்கதான் தொறக்கணும். இல்ல, நான் நடந்தே கோயிலுக்குப் போயிக்கிடுதேன்."

அம்மா வந்தார்கள். அழுது வீங்கிய முகத்தோடு, முந்தின நாள் சேலையோடு, கட்டியவரைப் பறிகொடுத்து ஒரு நாள்கூட ஆகாத கோலத்தில் வந்தார்கள். கைப்பிடியைத் தூக்கி, ஓர் அழுத்து அழுத்தி, இழுத்தார்கள். கதவு திறந்தது. அந்தப் பெண் ஏறாமல், அந்தச் சேற்றிலேயே குனிந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "நல்லா இரு, நல்லா இரு" என்று அம்மா அவளைத் தூக்கிவிட்டார்கள். அவள் உட்கார்ந்ததும் சேலைத் தலைப்பை உள்ளே எடுத்துவிட்டு, அப்பா செய்வது போலவே பார்த்துக் கதவை மூடினார்கள். கார் போன பிறகும் அதே இடத்தில் நின்றார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய பெரியப்பா வெறும் கொட்டகையைப் பார்த்துவிட்டு, "காரு எங்கீங்?" என்று பதறினார். கௌசல்யா அதில் கோயிலுக்குப் போய்விட்டாள் என்றேன். "போயிருச்சா? அப்பச் செரி" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். சாவியைப் பிடுங்கிக்கொண்டாவது போயிருக்க வேண்டும் என்று இன்னமும் என்னைப் பார்த்தால் தலைகுனிகிற குமார் அண்ணனுக்கு முதலில்: உங்கள் மேல் எங்களுக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது, அந்த விரல்களை அம்மாவாலேயே பிரிக்க முடியவில்லை. தம்பி பாதியில் இறக்கிவிட்டு வந்த, பேரும் ஊரும் தெரியாத அந்தச் சுற்றுலாப் பயணிகளுக்கும், நெரிசலில் ஒதுங்கி ஜீப்புக்கு வழிவிட்டவர்களுக்கும், ஆசுபத்திரியில் அப்பாவின் கையை வலிக்கக் கூடாது என்பது போல அவ்வளவு மெதுவாகப் பிரித்த நர்சு அம்மாவுக்கும், சாமான் செட்டிலிருந்து சாப்பாடு வரை பார்த்துக்கொண்ட லயத்து மக்களுக்கும், பெரியப்பாவுக்கும், அம்மா பெறாத மகளாய் வந்து நின்ற கௌசல்யாவுக்கும், அவளை அனுப்பி வைக்க மனம் வந்த பேச்சியம்மாளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

போன மாதம் கௌசல்யாவுக்கு வலி எடுத்தபோது வாசலில் நின்றது அம்பாசிடர். தம்பி அதில்தான் ஏற்றிக்கொண்டு போனான். பெண் குழந்தை. வீட்டுக்கு அழைத்து வரப் போன அன்று பெட்ரோல் பம்ப் மூச்சடைத்து அம்பாசிடர் ஒர்க்ஷாப்பில் கிடந்தது. அதனால் ஜீப் போனது. அம்மாதான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டைத் தார்ப்பாயை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வந்தார்கள். குழந்தை வழியெல்லாம் தூங்கியது. இப்போதும் நன்றாக இருக்கிறது; இன்று கூட்டத்தில் அழுகிற சத்தம் கேட்டால் அதுதான்.

இரண்டில் எது நல்ல வண்டி என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்: வாசலில் நிற்கிற வண்டிதான் நல்ல வண்டி. எங்கள் வீட்டில் இப்போது சாவி இரண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஆணியைக் கதவுக்கு வெளியே, யார் கைக்கும் எட்டுகிற உயரத்தில் அம்மாவே அடித்து வைத்தார்கள். உங்களில் யாருக்காவது, எந்த நேரத்திலாவது, நெஞ்சில் லேசாக ஒரு வலி என்றாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். எங்களைக் கேட்க வேண்டாம். அம்பாசிடர் நின்றால் அம்பாசிடரில் ஏறுங்கள், ஜீப் நின்றால் ஜீப்பில் ஏறுங்கள். மற்றது வரட்டும் என்று மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். எங்கள் அப்பா உட்கார்ந்திருந்தார்.